வைக்கோல் பூசிய கதவுகள்

களுவாஞ்சிக்குடி
03.03.2025

மருமகன் லக்ஷன் அவர்களுக்கு,

மருமகனை நான் வீட்டை விட்டுத் துரத்திவிட்டேன் என்று ஊரில் பேசுகிறார்கள். சந்தையில் மீன் வாங்கப் போன இடத்தில் என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். அது பிழை. துரத்துவதென்றால் வாய் திறக்க வேண்டும். நீர் கஜானியைக் கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் உமக்கும் எனக்கும் இடையில் ஒரு சொல்கூட நேராக நடந்ததில்லை. மாமியும் மருமகனும் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்ற வழக்கத்தை என் தாயார் வைத்திருந்தார், நானும் வைத்திருக்கிறேன். உமது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நான் குசினிக்குள் போய்விடுவேன். சொல்ல வேண்டியதைக் கஜானியிடம் சொல்வேன். அவள் உமக்குச் சொல்வாள். இப்படி இருந்தவள் உம்மை எந்த வாயால் துரத்தினேன்?

நீராகவே போனீர். போன மாதம் ஒரு சனிக்கிழமை, வைக்கோலில் காய்ச்சிய உமது பூச்சு டின்களையும் என் மகளையும் ஒரே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கரடியனாற்றுக்குப் போனீர். டின்களை முதலில் ஏற்றினீர் என்பதையும் குசினி யன்னலால் பார்த்தேன்.

இது கஜானியின் சீதன வீடு. காணி உறுதிப் பத்திரம் அவள் பெயரில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெண் தன் வீட்டில் இருப்பாள், மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். ஐந்து மாத வயிற்றோடு ஒருத்தி சொந்த வீட்டை விட்டுப் போய்ப் புருஷனுடைய தாய் வீட்டில் இருப்பதை இந்தத் தெரு இதுவரை கண்டதில்லை. இப்போது கண்டிருக்கிறது.

கதவுகளைப் பற்றி. அவை முதிரை மரம். கஜானியின் அப்பா மரத்தைத் தானே தெரிந்து வாங்கி, நிழலில் உலர்த்தி, காத்தான்குடித் தச்சர் ஜிப்ரி ஓடாவியிடம் கொடுத்துச் செய்வித்தவை. அவற்றில் உமது பூச்சைப் பூசுவதற்கு நான் சம்மதித்தேன், கஜானி கேட்டதால். தை மாதம் பூசினீர். மாசி முடிவதற்குள் கதவு தொட்டால் ஒட்டுகிறது, உரசினால் மண்ணிறமாகக் கழன்று வருகிறது. என்னுடைய வெள்ளைச் சேலைகள் இரண்டில் கறை ஏறிவிட்டது. ஜிப்ரி ஓடாவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "கதவெல்லாம் அழுகுதே அம்மா, இந்த வீட்டில ஆரும் மௌத்தா?" என்று சாவு வீட்டில் விசாரிப்பதுபோலக் கேட்டார்.

முன்பள்ளிகளுக்குக் கதிரை மேசை கொடுக்கும் நிதியம் உமது பூச்சைத்தான் எடுக்கப் போகிறது என்று கஜானி சொல்லியிருந்தாள். சிறு பிள்ளைகள் கை வைக்கும் மேசை. ஆகவே என் வீட்டுக் கதவுகளுக்கு நடந்ததை அந்த நிதியத்தாருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். நான் செய்வதை ஒளித்துச் செய்பவள் அல்ல. அதனால் உமக்கும் அறிவிக்கிறேன்.

பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒழுங்கான வார்னிஷ் பூசித் தாரும். கஜானியைக் கொண்டுவந்து விடும்.

அன்னப்பூரணி அழகரத்தினம்


கரடியனாறு
12.03.2025

மாமிக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எனக்கு நேராகச் சொன்ன முதல் வார்த்தைகள் இவைதான். ஆறு வருடம் காத்திருந்து, "நீராகவே போனீர்" என்பதைக் கேட்க எனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.

நிதியத்தார் என்னைக் கூப்பிட்டார்கள். உங்கள் கடிதத்தை எனக்கு முன்னால் வைத்து வாசித்தார்கள். நல்ல எழுத்து என்று ஒருவர் பாராட்டினார். கையொப்பத்தைப் பார்த்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்தவரா என்று கேட்டார். என் மாமி என்றேன். அந்த அறையில் பிறகு ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பூச்சைத் தெரிவு செய்வதை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மே மாதக் கடைசியில் முடிவு சொல்வார்களாம்.

நான் என்ன செய்கிறேன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போதாவது வாசியுங்கள். அறுவடை முடிந்ததும் இங்கே வயல்வெளியில் வட்டை வட்டையாக வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். நான் அதைக் கொளுத்த விடாமல் ஏற்றி வருகிறேன். என் அப்பா வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வைக்கோலை அவித்தவர். அவர்களுக்கு வேண்டியிருந்தது நார். எனக்கு வேண்டியது நார் போன பிறகு தண்ணீரில் நிற்கிற பிசின். சலவைச் சோடாத் தண்ணீரில் வைக்கோலை அவித்தால் பிசின் கரைந்து இறங்கும். பிறகு புளிப்புச் சேர்த்தால் மண்டியாக அடியில் விழும். அதைக் கழுவி, உலர்த்தி, காய்ந்து இறுகும் எண்ணெயோடு சேர்த்தால் பூச்சு. கடை வார்னிஷில் தலையிடிக்கிற வாசம் வருமே, அது இதில் இல்லை. பிள்ளை மேசையை நக்கினாலும் பயமில்லை.

ஒரேயொரு பகை இதற்கு உண்டு. எந்தச் சோடாவில் கரைந்து வந்ததோ, அந்தச் சோடா மேலே பட்டால் திரும்பவும் கரையும். கதவு பூசிய அன்றே கஜானியிடம் சொன்னேன்: "கதவில சோடா மட்டும் படக்கூடா. பட்டா எல்லாம் கழண்டுரும். அம்மாட்டச் சொல்லு." அவள் ஓம் என்றாள்.

அந்தச் சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் முன் கதவுக்கு முன்னால் வாளியோடு நின்றீர்கள். சோடாத் தண்ணீர். கையில் தும்புப் பிரஷ். என் ஒரு வருட வேலை படியால் மண்ணிறமாக ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் வழக்கப்படி உள்ளே போனீர்கள், வாளியை வைத்துவிட்டு. நான் டின்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கஜானியை நான் ஏற்றவில்லை. அவளாக ஏறினாள்.

தெரிந்துகொண்டு கழுவினீர்கள். கழுவிவிட்டு முறைப்பாடு எழுதினீர்கள். அந்த முறைப்பாட்டைத் திரும்ப எடுங்கள். அதற்குப் பிறகு கஜானி வருவதைப் பற்றிப் பேசலாம்.

லக்ஷன்


களுவாஞ்சிக்குடி
20.03.2025

மருமகன் லக்ஷன் அவர்களுக்கு,

தெரிந்துகொண்டு கழுவினேன் என்பது இரண்டாவது பிழை. ஊராருடையதை விடப் பெரிய பிழை.

கழுவினேன். அதை மறுக்கவில்லை. மட்டக்களப்புக் கொன்வென்டில் நாங்கள் சனிக்கிழமை தோறும் சோடாத் தண்ணீரால் நாங்கள் இருக்கிற வாங்குகளையும் கதவுகளையும் தேய்த்துக் கழுவியே வளர்ந்தோம். மதர் வெள்ளைக் கைலேஞ்சியால் துடைத்துப் பார்ப்பார். கலியாணம் முடித்த பிறகும் நான் அதை விட்டதில்லை. இந்த வீட்டில் ஆறு வருடம் இருந்த உமக்கு அது தெரியாதா, அல்லது சனிக்கிழமைகளில் நடப்பது உமது கண்ணில் படுவதில்லையா?

இப்போது கஜானி எனக்குக் கொண்டுவந்த செய்தி என்னவென்று கேளும். நீர் பூசிய அன்று பின்னேரம் அவள் குசினிக்கு வந்து, "அம்மா, உங்களுக்கு முட்டு வருத்தம், மூச்சு இளைக்கும், இனிக் கதவு கழுவிற வேலையெல்லாம் வேணாமாம்" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். "அவர்தான்" என்றாள். சோடா என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. என் வயதைத்தான் நீர் சொல்லி அனுப்பினீர் என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு எழுபத்தொரு வயது. என் மகளுடைய வீட்டில் நான் எந்த வேலை செய்யலாம், எந்த வேலை செய்யக்கூடாது என்று வைக்கோல் அவிக்கிற மருமகன் தீர்ப்புச் சொல்வதா? ஆகவே அதற்குப் பிறகு சனிக்கிழமை மாத்திரமல்ல, புதன்கிழமையும் கழுவினேன். சோடாவையும் கூட்டிப் போட்டேன்.

இன்னொன்று. புதுப் பூச்சு என்பதால், இதற்கு ஆகாதது ஏதும் உண்டோ என்று உம்மிடம் கேட்டு வரும்படி கஜானியை நானே அனுப்பினேன். அவள் போய்விட்டு வந்து, "ஒண்டும் செய்யாதாம் அம்மா" என்றாள். உமது விடை என்று நம்பினேன்.

இப்போது சொல்லும், பொய் சொன்னது யார்? சுத்தத்தைத் தாங்காத பூச்சைக் கதவில் பூசிவிட்டு, சுத்தம் செய்தவளைக் குற்றம் சொல்வது நல்ல வழக்காக இருக்கிறது. முறைப்பாட்டைத் திரும்ப எடுக்கமாட்டேன். அதில் இருப்பது நடந்தது.

அன்னப்பூரணி அழகரத்தினம்


கரடியனாறு
02.04.2025

மாமிக்கு,

உங்கள் வயதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. நீங்கள் கேட்டு அனுப்பிய கேள்வியும் என்னிடம் வந்து சேரவில்லை.

உங்கள் கடிதத்தைக் கஜானியிடம் கொடுத்தேன். அவள் கால் இரண்டையும் பலகையில் தூக்கி வைத்துக்கொண்டு முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். வாசித்தாள். மடித்தாள். பிறகு திரும்பவும் இலை உருவினாள். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். கடைசியில் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் மாற்றாமல். இந்த வீட்டு விசயத்தில் அப்படி நடப்பது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"நீங்க சொன்னதச் சொன்னபடி சொன்னா, அம்மா 'என்ட வீட்டில எனக்குச் சட்டமோ' எண்டு நிப்பா. அவ சொன்னதச் சொன்னபடி சொன்னா நீங்க சோத்துக் கோப்பையத் தள்ளிப்போட்டு எழும்பிருவீங்க. ஆறு வருஷமா ரெண்டு பேர்ர பேச்சையும் நான் கழுவிக் கழுவித்தான் கொண்டுவாறன். எனக்கும் கை ஓய்ஞ்சு போச்சு."

உங்களிடம் சோடாவைச் சொன்னால் சண்டை வரும், முட்டு வருத்தத்தைச் சொன்னால் கேட்பீர்கள் என்று நினைத்தாளாம். உங்கள் கேள்வியைக் கொண்டுவந்தால் அதை நான் குத்தல் என்று எடுப்பேன் என்று கேட்காமலே விட்டாளாம். எனக்கு வேறு சில சந்தேகங்களும் வந்துவிட்டன. கதவு பூசிய கிழமை, "வீடெல்லாம் அறுவடை முடிஞ்ச வட்டை மாதிரி மணக்குது எண்டு அம்மா சொல்றா" என்று அவள் வந்து சொன்னாள். எனக்கு அது பெரிய சந்தோசமாக இருந்தது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். நீங்கள் உண்மையில் என்ன சொன்னீர்கள்?

அவளை நான் ஏசவில்லை. நீங்களும் ஏசக்கூடாது. ஆனால் நிதியத்துக்கு எழுதியது கஜானி அல்ல. நீங்கள். ஒருவரிடமும் கேட்காமல், மகளுடைய புருஷனின் தொழிலில் கை வைத்தீர்கள். வைக்கோல் தந்தவர்கள், கூலிக்கு அவிக்க வருகிற பெண்கள் எல்லாரும் மே மாதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முறைப்பாட்டை எடுங்கள். எடுக்காவிட்டால் பிள்ளை இங்கேதான் பிறக்கும். என் அம்மா இராசாத்தி அறையைக்கூட வெள்ளையடித்து வைத்துவிட்டா.

லக்ஷன்


களுவாஞ்சிக்குடி
10.04.2025

மருமகன் லக்ஷன் அவர்களுக்கு,

மாட்டுக் கொட்டில் மாதிரி நாறுகிறது என்று சொன்னேன். கேட்டதற்கு விடை.

கஜானி இதைச் செய்தாள் என்பதை நான் நம்ப விரும்பவில்லை. அவளுக்குப் போன் எடுத்தேன். "அவர் எழுதினது சரிதான் அம்மா" என்றாள். பிறகு அழுதாள். பிறகு நான் மருந்து குடிக்கிறேனா என்று கேட்டாள். நான் அவளை ஏசவில்லை. ஏசுவதற்கு உமது அனுமதி எனக்குத் தேவையுமில்லை. தலைப்பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஏசுகிற ஆள் நான் இல்லை என்பதை ஆறு வருடத்தில் நீர் தெரிந்திருக்கலாம், தெரியவில்லை.

ஆனால் பிள்ளைப்பேற்றை ஒரு கடிதத்துக்குப் பதிலாக வைத்துப் பேரம் பேசுவது என்ன பழக்கம்? முறைப்பாட்டை எடு, மகளைத் தருகிறேன் என்பதா? கஜானி பெற வேண்டியது தன் வீட்டில். அது உமது தாயார் வெள்ளையடித்த அறை நல்லதா கெட்டதா என்ற கேள்வி அல்ல. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லும். சொன்னபடி சொல்லும்.

நான் எழுதிய ஒன்றைத் திரும்ப எடுத்து எனக்குப் பழக்கமில்லை. கண்ணால் கண்டதை எழுதினேன். காணாத ஒன்றுக்காக, உமது வாய்ச்சொல்லை நம்பி, எழுதியதை அழிக்கமாட்டேன். சோடா படாவிட்டால் அந்தப் பூச்சு நிற்கும் என்று நீர் சொல்கிறீர். விற்கிறவர் அப்படித்தான் சொல்வார். நானே பார்த்தால் நம்புவேன்.

ஒரு டின் அனுப்பும். நிதியத்துக்குக் கொடுக்கிற அதே சரக்காக இருக்க வேண்டும். எனக்கென்று விசேடமாகக் காய்ச்ச வேண்டாம். எப்படிப் பூசுவது, எத்தனை நாள் விடுவது, எது ஆகும், எது ஆகாது என்பதை நீரே உமது கையால் எழுதி அனுப்பும். கஜானியிடம் சொல்லி அனுப்பினால் டின்னைத் திருப்பி அனுப்புவேன்.

அன்னப்பூரணி அழகரத்தினம்


கரடியனாறு
19.04.2025

மாமிக்கு,

பஸ்ஸில் டின் வருகிறது. நிதியத்துக்குக் கொடுத்த சரக்கோடு ஒன்றாகக் காய்ச்சியது. நம்பாவிட்டால் அவர்களிடம் உள்ளதோடு வைத்துப் பாருங்கள்.

பழைய பூச்சைச் சுரண்டி, மரத்தை அரத்தாளால் தேய்த்து, தூசு துடைத்து, மெல்லிசாக மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். மூன்றாவது பூசி இரண்டு கிழமைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். தண்ணீரும் வேண்டாம். பொறுக்க முடியாமல் இருக்கும் என்று தெரியும். பிறகு பச்சைத் தண்ணீரால் துடைக்கலாம், எத்தனை தரமும். சோடா ஆகாது. சாம்பல் ஆகாது. சுண்ணாம்பு ஆகாது. இதைத்தான் தை மாதத்திலும் சொன்னேன், பிழையான வாசலில் நின்று.

வருடப்பிறப்புக்கு நீங்கள் அனுப்பிய பலகாரப் பெட்டி கிடைத்தது. மூடியில் "கஜானிக்கு மாத்திரம்" என்று எழுதியிருந்தது. நானும் தின்றேன்.

அவளுடைய காலில் வீக்கம் கூடியிருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா இங்கே நன்றாகத்தான் பார்க்கிறா. ஆனால் கஜானி இரவில் எழும்பிச் சுவர்ப் பக்கமாகக் கையை நீட்டி லைற் போடும் சுவிச்சைத் தேடுகிறாள். உங்கள் வீட்டில் அது இருக்கிற இடத்தில்.

நான் விட்டுக்கொடுத்து இதை எழுதவில்லை. மே மாதம் வருகிறது. எடுக்கப் போகிறீர்களா, இல்லையா?

லக்ஷன்


களுவாஞ்சிக்குடி
19.05.2025

மருமகன் லக்ஷன் அவர்களுக்கு,

எடுக்கவில்லை. இன்னொன்று எழுதியிருக்கிறேன். விபரம் கீழே வரும், பொறும்.

ஜிப்ரி ஓடாவியைக் கூப்பிட்டுக் குசினிக் கதவைச் சுரண்டுவித்தேன். நீர் எழுதியபடியே மூன்று தடவை மெல்லிசாகப் பூசினார். "அம்மா, மருமகனோட கோபம் எண்டா கதவ மாத்துங்க. ஒரே கதவ இப்பிடிச் சுரண்டிப் பூசி விளையாடினா மரம் பாவம்" என்றார். அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து வேலையைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு கிழமை நான் அந்தக் கதவைத் தொடவில்லை. பொறுக்க முடியாமல் இருக்கும் என்று எழுதியிருந்தீர். பொறுத்தேன்.

பிறகு கதவின் நடுவில் சோக்கால் கோடு போட்டேன். வலப் பாதியைப் பச்சைத் தண்ணீரால் தினமும் துடைத்தேன். இடப் பாதியைச் சோடாத் தண்ணீரால் ஒரே ஒரு தடவை. இடப் பாதி மதியத்துக்குள் ஒட்டத் தொடங்கியது. பழைய சீலையொன்றால் துடைத்தேன், சீலை தேயிலைச் சாயம் போல ஆனது. வலப் பாதி அப்படியே இருக்கிறது. அதன்மேல் தேசிக்காய்ப் புளி விட்டுப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை. தேங்காயெண்ணெய்க் கையால் பிடித்தேன், துடைக்கப் போயிற்று. மஞ்சள் கறை ஏறியது, போகவில்லை. அதையும் குறித்துக்கொள்ளும். வெயிலில் பார்த்தால் முதிரையின் ஓட்டம் அடியில் தெரிகிறது. கடை வார்னிஷில் அது தெரிவதில்லை. அந்த மாட்டுக் கொட்டில் வாசம் போய்விட்டது. முதலில் இருந்தது என்பதில் நான் மாறவில்லை.

நிதியத்தாருக்கு எழுதிய இரண்டாவது கடிதத்தில் இருப்பது இவ்வளவுதான்: முதற் கடிதத்தில் நான் எழுதியவை நடந்தவை. அதில் எழுதாதது, கதவுகளைச் சோடாத் தண்ணீரால் கழுவியது நான் என்பது. கழுவக்கூடாது என்ற செய்தி எனக்கு வந்து சேரவில்லை. பச்சைத் தண்ணீரால் துடைத்த பாதி நன்றாக நிற்கிறது, விரும்பினால் வந்து பார்க்கலாம், வரும் நாளை முன்கூட்டி அறிவிக்கவும். அதோடு, இந்தப் பூச்சை எடுப்பதானால் சோடா, சாம்பல், சுண்ணாம்பு ஆகாது என்பதை ஒவ்வொரு டின்னிலும், ஒவ்வொரு மேசையின் அடியிலும் தமிழில், கண்ணாடி போடாமல் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில் எழுதுவதை நிபந்தனையாக வைக்க வேண்டும் என்றும், முன்பள்ளி ரீச்சர்மாருக்கு நீரே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். நிபந்தனை உமக்குப் பாரமாக இருக்கும். இருக்கட்டும். டின்னில் அந்த வரி தை மாதத்தில் இருந்திருந்தால் என் மகள் இன்றைக்குத் தன் வீட்டில் இருந்திருப்பாள். உமது கெட்டித்தனம் முழுக்க டின்னுக்கு உள்ளே இருந்தது. வெளியில் ஒரு வரி எழுத மனம் வரவில்லை.

இது மன்னிப்புக் கடிதம் அல்ல. உமது தாயாரிடம் அப்படிச் சொல்லித் திரிய வேண்டாம்.

மற்றக் கதவுகளை ஜிப்ரி ஓடாவி சுரண்டி முடித்துவிட்டார். வெறும் மரமாக நிற்கின்றன. மழைக்கு முதல் பூச வேண்டும். நீரே வந்து பூசும்; அவர் பூசினால் சொட்டு விடுகிறது.

கஜானிக்கு எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. அவளுடைய கட்டிலைச் சுவிச்சுப் பக்கமாக இழுத்துப் போட்டிருக்கிறேன், இரவில் எழும்பி நடக்கத் தேவையில்லை. சமையலில் உப்பைக் குறைத்துப் பழகிக்கொண்டு வருகிறேன், வாயில் வைக்க முடியவில்லை, ஆனாலும் பழகுகிறேன். அவளை இனி நடுவில் நிறுத்த வேண்டாம். நீரும் நிறுத்த வேண்டாம், நானும் நிறுத்தமாட்டேன். உமது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இனி நான் குசினிக்குள் போகமாட்டேன். வாசலில் நிற்பேன். என் தாயார் இருந்திருந்தால் இதற்குச் சம்மதித்திருக்கமாட்டார். உமக்குச் சொல்ல நிறைய வைத்திருக்கிறேன். அதில் நல்லதாக ஒன்றும் இல்லை. நின்று கேட்க வேண்டும், பதில் இருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கஜானியை எந்தத் திகதியில், எந்த நேரத்துக்குக் கூட்டி வருகிறீர் என்பதை நீரே எழுதி எனக்கு அனுப்பவும்.

அன்னப்பூரணி அழகரத்தினம்